துடைத்து வைத்த சீட்டு

கிணத்துக்கடவில், பொள்ளாச்சி ரோட்டை ஒட்டி, ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் மெஹருன்னிசா. வயது நாற்பது. எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் வேலை கற்க வந்தவர் நாச்சிமுத்து. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடம் பல கம்பெனிகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். கடைசிக் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வெளியே வந்துவிட்டார். சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கி, தென்னை நார் மில்களுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று நினைத்தார். ஓட்டத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் தன்னைவிடச் சின்னவரிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கேட்டார்.

"மேஸ்திரிம்மா, பழைய வண்டி வாங்கறப்ப முதல்ல எதைப் பாக்கோணுங்க?"

"வண்டி எங்க இருக்குது?"

"ஆனைமலை ரோட்டுல, பூட்டிக் கிடக்கற நார் மில்லுல. மூணு டன் தூக்கற டீசல் வண்டிங்க. ரொம்ப மலிவாச் சொல்றாங்க."

"வாங்கண்ணா, போய்ப் பாக்கலாம்."

காலை பத்து மணிக்குப் போனார்கள். வாட்ச்மேன் அப்புக்குட்டி கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே தரை முழுவதும் நார்த்தூள் கனமாகப் படிந்திருந்தது. நடந்தால் காலடி கேட்கவில்லை. பேசினால் குரல் பக்கத்திலேயே விழுந்து நின்றுவிட்டது. கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கியது.

ஷெட்டின் கோடியில் வண்டி நின்றிருந்தது. பச்சை பெயின்ட். பிரஷ்ஷால் அடித்தது. நட்டு, போல்ட்டுக்கு மேலெல்லாம் அப்பியிருந்தது. ஃபோர்க் ஏறி இறங்கும் இரும்புச் சட்டத்தில் குங்குமம் வைத்து, அதன் மேல் மறுபடி வைத்து, அது விரல் கனத்துக்குக் காய்ந்திருந்தது. எலுமிச்சம்பழங்கள் கயிற்றில் கருத்துச் சுருங்கித் தொங்கின.

மேஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் போகவில்லை.

"அண்ணா, வாட்ச்மேன் எங்க நிக்கறாரு?"

நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். அப்புக்குட்டி கேட்டோரமாகவே நின்றிருந்தார்.

"தூரத்துலீங்க."

"எப்படி நிக்கறாரு?"

"வண்டியைப் பாத்தாப்புல."

"முதுகு காட்டவே இல்லை. வந்ததுல இருந்து பாக்கறேன்."

நாச்சிமுத்து வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டில் தூசி. ஸ்டியரிங்கில் தூசி. லிவர்களின் தலையில் தூசி. சீட்டில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கருப்பு ரெக்சின் பளபளவென்று இருந்தது, இப்போதுதான் யாரோ எழுந்து போனது போல.

"இதென்னுங்க, சீட்டு மட்டும் இப்படி இருக்குது?" என்று சத்தமாகக் கேட்டார்.

அப்புக்குட்டி கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி, அங்கே கிடந்த, அழுத்திக் கட்டிய பழைய நார் பேல் ஒன்றைத் தலை உயரத்துக்குத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். இரும்புச் சட்டத்துக்குள் ஏதோ முனகியது. பேல் மேலே போனது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

பத்து அடி நடந்திருப்பார். பின்னால், சீட்டில், 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் இறங்கியது போல இருந்தது.

"இப்ப என்னுங்க பண்றது?"

"சும்மா நிக்கலாம்" என்றார் மேஸ்திரி.

நின்றார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். முதலில் தெரிந்தது நிழல்தான். பேலின் நிழல் சிறிது சிறிதாகத் தரையில் அழுத்தமாகிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. வண்டியில் ஆள் இல்லை, இன்ஜின் ஓடவில்லை, பேல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி இறங்கியதும் முன்பக்கமாகச் சாய்ந்தது. கீழே யார் இருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பது போலச் சாய்ந்தது.

"அம்மிணி, போதுமுங்க, வந்துருங்க" என்று கேட்டில் இருந்து அப்புக்குட்டி கத்தினார். "மூணு பேரு வாங்கிட்டுப் போனாங்க. மூணு பேரும் ஒரு வாரத்துல திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க. அதுல ஒரு பொம்பளை இருக்குதுங்க."

நாச்சிமுத்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாமுங்க மேஸ்திரிம்மா. வேற வண்டி பாத்துக்கலாம்."

மேஸ்திரி அப்புக்குட்டியிடம் கேட்டார்.

"வாங்கிட்டுப் போன மூணு பேருல யாராச்சும் கழட்டிப் பாத்தாங்களா?"

"கழட்டறதா? கிட்டவே போகலீங்க."

மேஸ்திரி நாச்சிமுத்துவிடம் திரும்பினார்.

"எடுங்கண்ணா."

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறையில் இறக்கினார்கள். பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு டீ குடிக்கக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

"எங்கிருந்து ஆரம்பிக்கட்டுங்க?" என்றார் நாச்சிமுத்து.

"உங்களுக்கு எதைக் கண்டா ரொம்பப் பயமா இருக்குது?"

"தானா இறங்குச்சே, அதுதானுங்க."

"அதைக் கழட்டுங்க."

தூக்கும் சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் சீல் தேய்ந்து, ஓரம் பிய்ந்திருந்தது. ஆயில் அதன் வழியே கசிந்து பின்வாங்க, பேல் இறங்கியிருக்கிறது. சாய்க்கும் சிலிண்டரிலும் அதே கதைதான். புது சீல் போட்டார். பாரத்தை ஏற்றிவிட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தார். ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை.

"அடுத்தது?"

"முனகுதுங்க."

"கழட்டுங்க."

சட்டத்துக்குள் உருளும் பேரிங் ஒன்று உடைந்திருந்தது. மாற்றினார். முனகல் நின்றது.

இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. பிரேக் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் ஹாரன் தானாக ஒருமுறை அடித்தது. ஒயர் ஒன்றின் தோல் உரிந்து, சூட்டில் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஹாரன் முதல் முறை அடித்தபோது நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ஊர்ந்து வெளியே வந்தார். பிறகு அதையும் சரிசெய்தார்.

மூன்று வாரம் இப்படியே போனது. செயின் மாற்றி, ஆயில் மாற்றி, ஹோஸ்களை எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. பயம் ஒவ்வொன்றாகக் கழன்று, கெரசின் தட்டில் துரு பிடித்த சாமானாகக் கிடந்தது. நாச்சிமுத்துவின் முகம் தெளிந்துவிட்டது.

"பேய் எல்லாம் போயிருச்சுங்க" என்று சிரித்தார்.

"சீட்டைக் கழட்டலையே?" என்றார் மேஸ்திரி.

நாலு போல்ட். கழற்றித் தூக்கினார். பழைய ஃபோம், அமுங்கினால் மெதுவாகத்தான் எழுந்து வந்தது. அடியில் ஒரு சின்ன சுவிட்ச். ஃபோம் எழும்பியதும் அது 'டிக்' என்றது. அந்தச் சத்தமும் அவ்வளவுதான்.

ஆனால் சுவிட்சில் மாட்டியிருக்க வேண்டிய இரண்டு ஒயர்களும் பிடுங்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றியிருந்தது.

"இது என்னங்கண்ணா?"

நாச்சிமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் அந்த சுவிட்ச் அமுங்கும். அமுங்கினால்தான் லிவர் சொன்னபடி வண்டி கேட்கும். ஆள் இறங்கிவிட்டால் எந்த லிவரைத் தொட்டாலும் வண்டி அசையாது. ஒயரை இப்படி முறுக்கிவிட்டால், ஆள் இருக்கிறார் என்றே வண்டி எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்.

"ஆளில்லாட்டியும் வண்டி கேக்கறதுக்குங்க."

"யாரு கட்டுவாங்க?"

"ஓட்டறவங்கதானுங்க. பேல் கோணலா நின்னா இறங்கித் தள்ளிவிடோணும். ஒவ்வொருக்காவும் ஏறி இறங்கினா வேலை ஓடாது. கீழ நின்னுட்டே கையை நீட்டி லிவரைத் தட்டிக்குவாங்க. எல்லாரும் பண்றதுதானுங்க."

மேஸ்திரி முறுக்கை அப்படியே வெட்டி எடுத்து மேசையில் வைத்தார். டிராயரில் இருந்து அதே மாதிரி ஒயரும் கருப்பு டேப்பும் எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க கட்டறாப்புல ஒண்ணு கட்டுங்க."

நாச்சிமுத்துவின் விரல்கள் யோசிக்காமல் வேலை செய்தன. மூன்று முறுக்கு. நுனியைப் பின்னால் மடக்கினார். டேப் இரண்டு சுற்று. பிரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று டேப்பின் முனையைக் காது மாதிரி மடித்துவிட்டார்.

மேஸ்திரி இரண்டையும் கையில் எடுத்தார். பழையதைத் துணியால் துடைத்தார். இரண்டையும் உள்ளங்கைக்குள் போட்டுக் குலுக்கி, மேசையில் வைத்தார்.

"எதுங்கண்ணா உங்களுது?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று முறுக்கு, இரண்டு சுற்று, ஒரு காது. இதிலும் அதேதான், அதிலும் அதேதான்.

பட்டறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குக் கழுத்துப் பின்னால் மயிர் சிலிர்த்துக்கொண்டது. பேல் தானாக இறங்கியபோதுகூட அப்படி ஆகவில்லை.

எழுந்து போய் ஸ்க்ரூ டிரைவரால் பச்சை பெயின்டைச் சுரண்டினார். அடியில் மஞ்சள்.

"நான் ஓட்டின வண்டிகளும் மஞ்சள்தானுங்க."

"எல்லா வண்டியும் மஞ்சள்தாண்ணா."

மேஸ்திரி ஒயரையும் டேப்பையும் டிராயருக்குள் எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை நாச்சிமுத்து தனியாக ஆனைமலை ரோட்டுக்குப் போனார். அப்புக்குட்டி கேட்டோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி போன இடத்தில், நார்த்தூளில் நான்கு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. இப்போது அப்புக்குட்டி அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அந்தச் சீட்டை யாருங்க துடைச்சு வெச்சது?"

அப்புக்குட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தானுங்க. தெனமும் மத்தியானம் துடைப்பேன். தூசி படிஞ்சு காலியாக் கெடந்தா என்னால பாக்க முடியலை. யாரோ உக்காந்துட்டு இப்பத்தான் போனாங்கன்னு இருந்தா தேவலைன்னு தோணும்."

"நீங்க அன்னிக்கு இருந்தீங்களா?"

"இருந்தனுங்க."

பிறகு சொன்னார். மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. மத்தியான வேளை. ஓட்டுநர் ஒரு பேலை உயரத்தில் தூக்கி நிறுத்திவிட்டு, இன்ஜின் ஓட ஓட இறங்கினான். பேலைச் சரியாகத் தள்ளிவிட்டு, கீழே நின்றபடியே உள்ளே கையை நீட்டி லிவரைத் தட்டினான். இறக்கும் லிவருக்குப் பதிலாகச் சாய்க்கும் லிவர். பேலுக்கு அந்தப் பக்கம் மயிலாத்தாள் நார் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் நின்ற இடத்தில் இருந்து அவள் தெரியவில்லை. சீட்டில் இருந்திருந்தால் அவள் தலைச் சும்மாடாவது தெரிந்திருக்கும். பேல் அவள் மேலேயே விழுந்தது.

"மொதலாளி எல்லாத்தையும் கூப்பிட்டு நிறுத்திட்டாருங்க. வண்டி நிறுத்தி இருந்துச்சு, கிட்ட ஒருத்தருமில்லை, தானா விழுந்துச்சுன்னு சொல்லோணும்னாரு. பூசாரியைக் கூட்டியாந்தாரு. ஓட்டறவன் அன்னிக்கே ஊரை விட்டுப் போயிட்டான். நாங்க சொன்னோம். சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாள்ல எங்களுக்கே வண்டியைக் கண்டாப் பயமாயிருச்சுங்க."

"அந்தம்மாவுக்கு யாரு இருக்கறாங்க?"

"வீட்டுக்காரர் இருக்காரு. ஆறுச்சாமி. லைன் வீட்டுல கடைசி வீடு."

ஆறுச்சாமி வாசலில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து, அந்த வண்டியை வாங்கியிருப்பதாக மட்டும் சொன்னார்.

ஆறுச்சாமி மட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஆசை.

"ஏனுங்க, இன்னும் சத்தம் வருதுங்களா?"

"என்ன சத்தமுங்க?"

"டிக்குன்னு. அவதான் அதுல இருக்கறாள்னு ஊருக்குள்ள சொல்றாங்க. அமாவாசை அன்னிக்கு வேலைக்குப் போனா, அதனால வந்த வினைன்னு அவளைத்தான் பேசினாங்க. பேசிட்டுப் போறாங்க. நான் மத்தியானமானா மில்லு கேட்டுக்கு வெளிய போயி நிப்பனுங்க. எப்பவாச்சும் ஒரு நாள், காத்தடிச்சா, கேக்கும். ஒருக்கா கேட்டுட்டேன்னா அன்னிக்குச் சோறு இறங்கும்."

நாச்சிமுத்து கீழே கிடந்த மட்டையை எடுத்து அடுக்கில் வைத்தார். பஸ் ஏறி வந்து மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அவருக்கு இருக்கறது அந்தச் சத்தம் ஒண்ணுதானுங்க. அது ஃபோம் எழும்பற சத்தம்னு நான் எப்படிப் போயிச் சொல்றது? சொல்லாம விட்டுட்டா என்னுங்க தப்பு?"

மேஸ்திரி கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வரச் சொல்லுங்க. வண்டியைக் காட்டலாம்."

இரண்டு நாள் கழித்து ஆறுச்சாமி வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். பட்டறைக்குள் வந்தவர் வேறு எதையும் பார்க்கவில்லை. நேராக வண்டியிடம் போனார். மறுபடி மாட்டியிருந்த சீட்டில் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். வறுகடலை.

"மயிலா" என்றார்.

காத்திருந்தார். பட்டறையில் யாரும் அசையவில்லை. வெயில் வாசலில் வெள்ளையாக நின்றது.

நாச்சிமுத்து மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறுச்சாமி இன்னும் காத்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, காதைச் சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

நாச்சிமுத்துவால் அதைப் பார்க்க முடியவில்லை. மேசைக்குப் போய் அந்த இரண்டு முறுக்குகளையும் எடுத்துவந்தார். ஆறுச்சாமியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தார்.

"ஏனுங்க, இதுல அவங்க இல்லீங்க. அன்னிக்கு இதுல ஒருத்தருமே இல்லை. ஓட்டறவன் கீழ நின்னுட்டு லிவரைத் தட்டினான். சீட்டு காலி. காலியா இருந்தா வண்டி கேக்கக் கூடாது. இதைக் கட்டினதால கேட்டுச்சு. அமாவாசையும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

ஆறுச்சாமி முறுக்குகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டு இருக்குதுங்களே."

"ஒண்ணு இந்த வண்டியில இருந்தது."

"இன்னொண்ணு?"

"நான் கட்டினதுங்க."

ஆறுச்சாமி நிமிர்ந்தார். நாச்சிமுத்து அவர் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"மூணு நாளுக்கு முந்தி இந்த மேசையில கட்டினேன். ஆனா முன்னாடியும் கட்டியிருக்கறேன். ஓட்டின கம்பெனியில எல்லாம் கட்டியிருக்கறேன். எதையும் பிரிச்சுட்டு வந்ததில்லை. எண்ணிப் பாத்தேனுங்க. பதினொரு வண்டி."

ஆறுச்சாமி முறுக்குகளை நாச்சிமுத்துவின் கையிலேயே திருப்பி வைத்தார். பிறகு சீட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்து, சிந்தியிருந்த கடலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். இப்போது அந்தச் சீட்டு அவருக்கு வெறும் சீட்டு. அது அவர் தோளில் தெரிந்தது.

திட்டுவார் என்று நாச்சிமுத்து எதிர்பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார்.

ஆறுச்சாமி ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பதினொண்ணும் இப்ப எங்கெங்க ஓடிட்டு இருக்குதுங்க?"

நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. சில கம்பெனிகள் மூடிவிட்டன. சில வண்டிகள் கைமாறிப் போய்விட்டன. எந்தெந்த ஷெட்டிலோ, எந்தெந்தப் பேலைத் தூக்கிக்கொண்டோ, இந்த மத்தியானத்தில் அவை நின்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கம் யாரோ கூட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"என்னைப் பாக்காதீங்கண்ணா" என்றார் மேஸ்திரி. "அவரு உங்களைத்தான் கேக்கறாரு."